ஒன்றரை மணிச் சமரம்

"கேட்டேளா டீச்சர்? சமரக்காராகிட்ட போய், 'இப்போ வேண்டாம், ஒண்ணரை மணிக்கு வாங்கோ'ன்னு நேரம் குறிச்சுக் குடுத்திருக்கா, நம்ம ஸ்கூல் லீடர்!"

சுந்தரராமன் சார், தலைமையாசிரியை ரத்னாபாயின் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். மேஜை தாங்கியது. பேனா உருண்டு கீழே விழுந்தது.

கரமனையில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சமரம், அதாவது ஸ்டிரைக், புதிதல்ல. பஸ் கன்செஷனுக்காக ஒருநாள், எங்கோ யாரையோ போலீஸ் அடித்ததற்காக இன்னொருநாள் என்று கல்லூரிப் பையன்கள் கொடியோடு வந்து கேட்டில் கோஷம் போடுவார்கள். உடனே நீளமாக ஒரு பெல். பள்ளிக்கூடம் விட்டாயிற்று. வழக்கமாகக் காலை பத்தரைக்கு, ஆஜர் எடுத்த கையோடு நடந்துவிடுகிற சுபகாரியம் இது.

ஆசிரியர்களுக்கும் அதில் பெரிய வருத்தம் கிடையாது. கரண்ட் பில் கட்டலாம், ரேஷன் கடைக்குப் போகலாம். சுந்தரராமன் சார் மட்டும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போவார். ஏழாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்காகச் சமையல்கார மாடம்மாள் அடுப்பில் ஏற்றிய கஞ்சியும் பயறும், பிள்ளைகள் போன பிறகுதான் வெந்து நிற்கும். அன்னத்தை வீணாக்கினால் பாவமில்லையா? பாவம் சேராமல் பார்த்துக்கொள்ள அவர் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருந்தார்.

இந்த வருஷம்தான் எல்லாம் தலைகீழ். ரத்னாபாய் டீச்சர் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, "பள்ளிக்கூடம் நல்லாயிருக்கணும்னா பிள்ளைகளும் சேர்ந்து நடத்தணும்" என்று ஒரு மந்திரிசபையே ஏற்படுத்திவிட்டார். வகுப்புக்கு ஒரு மந்திரி. லீடர், பத்தாம் வகுப்பு ரெனி. வெள்ளிக்கிழமை தோறும் மாடிப்படிக்குக் கீழே கூட்டம் நடக்கும். ஆசிரியர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "குரங்கு கையில பூமாலை" என்று சுந்தரராமன் சார் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு சமரமும் ஒன்றரைக்கு முன்னால் வரவில்லை.

"ஒண்ணரைக்கு பெல், ரெண்டரைக்கு மாட்னி! கணக்கு சரியா வரதோல்லியோ?" என்றார் சார். கணக்கு வாத்தியார் ஆயிற்றே.

"பத்தரைக்கு விட்டாலாவது நமக்கு ஒரு வேலை நடக்கும். ஒண்ணரைக்கு விட்டு என்ன பிரயோஜனம்?" என்றார் சரோஜம் டீச்சர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கூப்பிட்டனுப்பிய ரெனி வந்து நின்றாள்.

ரத்னாபாய் டீச்சர் கீழே கிடந்த பேனாவைக் குனிந்து எடுத்தார். இவள் தப்பு செய்திருந்தால் மந்திரிசபையை இன்றோடு கலைக்க வேண்டியதுதான். 'அப்பவே சொன்னோமே' என்று சொல்லக் காத்திருக்கிறவர்கள் வேறு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சமரக்காரங்ககிட்ட நேரம் சொன்னது நீயா?"

"ஆமா டீச்சர்."

"அரை நாளாவது பாடம் நடக்கட்டும்னுதானே?" பதிலைக் கேள்வியிலேயே பொதிந்து கொடுத்துப் பார்த்தார்.

ரெனி யோசித்தாள். "இல்ல டீச்சர். காலையில முதல் ரெண்டு பீரியடும் கணக்கு. அது போனா எங்களுக்கு சந்தோஷம்தான்."

சுந்தரராமன் சார் கனைத்தார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'ஒன்னரை மதியோ மோளே?'ன்னு மலையாளத்துல கேட்டாங்க. போதும்னேன். நல்ல சேட்டன்மாருதான் டீச்சர்."

"அப்போ சந்தேகமே இல்லை, மாட்னிதான்!"

"இல்ல சார்."

"பின்னே என்னத்துக்காம்?"

ரெனி சாரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

"காரணத்தைச் சொல்லு ரெனி. இல்லேன்னா பேட்ஜைக் கழற்றி மேஜையில வச்சிட்டுப் போ." என்றார் ரத்னாபாய் டீச்சர்.

வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி, ஓட்டுக் கேட்டு ஜெயித்து வாங்கிய பேட்ஜ் அது. ரெனி அதன் ஊக்கைக் கழற்ற ஆரம்பித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இரு, இரு. பேட்ஜைவிடப் பெரிய ரகசியமா அது?"

"சார் இருக்கும்போது வேண்டாம் டீச்சர். அப்புறமா வந்து சொல்லுதேன்."

சுந்தரராமன் சார் எழுந்தே விட்டார். "நான் இருந்தா என்ன? என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு? என் முன்னாடிதான் சொல்லணும். எல்லாரும் கேக்கட்டும்!" என்று, சாத்தியிருந்த கதவையும் நன்றாகத் திறந்து வைத்தார்.

ரெனி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மூணாங்கிளாஸ் மீனுதான் டீச்சர் எங்க சாப்பாட்டு மந்திரி. அவ அப்பா ஆரியசாலை மார்க்கெட்ல மூட்டைச் சுமடு எடுக்காரு. அம்மா அங்கேயே ஒரு கடையில மிளகாய்க் காம்பு கிள்ளுதாங்க. ராத்திரிதான் வீட்ல அடுப்பு பத்தும். முதல் மீட்டிங்லயே அவ எழுந்து நின்னு ஒண்ணு கேட்டா..."

"என்ன கேட்டா?"

"'அக்கா, பத்தரைக்கு சமரம் வந்தா நம்ம கஞ்சியை சார் குடிக்காரு. நாம குடிச்சப்புறம் வரச் சொல்லக் கூடாதா?'ன்னு கேட்டா டீச்சர்."