கேன் தண்ணி

"ஏட்டி, இங்கன வா. இது என்னது?"

யாக்கூப் விரலை நீட்டினார். நுனியில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. டிவி மேலே, கண்ணாடி மேலே, அவருடைய கறுப்பு சூட்கேஸ் மேலே, எங்கே தொட்டாலும் அதே பொடி.

"தூசியா இருக்கும். துடைச்சிருதேன்" என்றாள் அவர் மனைவி ஹைருன் பீவி.

"தூசி இல்ல, உப்பு. மிஷின்ல நீ என்ன தண்ணி ஊத்துத?"

"கேன் தண்ணிதான்."

சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. யாக்கூபுக்கு அது போதாதா?

பாதி ஆயுளை துபாயில் ஏசிக்குள்ளேயே கழித்து, நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர் அவர். தென்காசி வெயிலில் ஏசி இல்லாவிட்டால் மூச்சு முட்டும். ஏசி போட்டால் காற்று வறண்டு இருமல் ஆளையே உலுக்கும். மூக்கில் ரத்தம் வரும். "ரூமுக்குள்ள காத்து ஈரமா இருக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யாக்கூப் போனும் கையுமாக உட்கார்ந்து தேடினார். வெந்நீர் ஆவி விடுகிற மிஷின் அறையைச் சூடாக்கும், வேண்டாம். விசிறி வைத்தது சத்தம் போடும், அதுவும் வேண்டாம். கடைசியில் குளுகுளுவென்று புகை விடுகிற ஒன்றை வாங்கினார். பக்கத்து வீட்டு வடிவம்மாள் வந்து பார்த்துவிட்டு, "குத்தாலத்துச் சாரலை டப்பாவுல அடைச்சு வித்துட்டானுவளா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனால் டாக்டர் கூடவே ஒரு குண்டையும் போட்டிருந்தார். "சுத்தமான தண்ணிதான் ஊத்தணும். இல்லன்னா அதுல இருக்கதெல்லாம் புகையோட நேரா நெஞ்சுக்குள்ள போயிரும்."

அதனால் வினிகர் விட்டுத் தொட்டியைக் கழுவுவது, காயவைப்பது எல்லாம் அவரே செய்வார். இருபது லிட்டர் கேனைச் சாய்த்துப் பிடிக்கத் தெம்பில்லை என்பதால், தண்ணீர் ஊற்றுவது மட்டும் ஹைருன் வேலை.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். செருப்பு வாசலுக்கு இடப்பக்கம். ரிமோட் தலையணைக்குக் கீழே. மக்காவிலிருந்து அவர் கொண்டுவந்து பீரோ மேல் வைத்திருக்கும் ஜம்ஜம் தண்ணிக் கேனை யாரும் தொடக்கூடாது. உயிர் பிரிகிற நேரத்தில் அவர் வாயில் விடுவதற்கான புனிதத் தண்ணீர் அது.

மிஷின் கம்பெனிக்கு போன் போட்டார்.

"பொடி படிஞ்சா தண்ணியில உப்பு ஜாஸ்தின்னு அர்த்தம் சார். சுத்திகரிச்ச கேன் தண்ணியில இவ்வளவு வராதே" என்றது ஒரு பெண் குரல்.

அவ்வளவுதான். கொல்லைப்புறத்து போர் தண்ணியைத்தான் பிடித்து ஊற்றுகிறாள். கேனைச் சாய்க்கக்கூட சோம்பல்! அடுத்த போன் செங்கோட்டையில் இருக்கும் மகள் சஃப்ரினுக்குப் போனது. அடுப்படிக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினார்.

"காரை எடுத்துட்டு வா. உங்க உம்மா என்னைச் சீக்கிரம் அனுப்பிவைக்கப் பாக்குதா. இனி நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். உன்கூடவே வந்திருதேன்."

ஹைருன் அடுப்படியிலிருந்து வந்தாள். அவருடைய கைலிகளை மடித்து சூட்கேசில் வைத்தாள். மாத்திரை டப்பாவை மேலே வைத்தாள்.

சாயங்காலம் கார் வந்துவிடும். யாக்கூப் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். தூக்கமெல்லாம் இல்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் போவதில்லை என்று ஒரு வைராக்கியம்.

கதவு மெல்லத் திறந்தது. ஹைருன் முந்தானைக்குள் ஒரு தம்ளரை மறைத்துக்கொண்டு வந்தாள். மிஷின் மூடியைத் திறந்தாள்.

லபக்கென்று அவள் கையைப் பிடித்தார்.

"மாட்டிக்கிட்டியா? போர் தண்ணிதான?"

"விடுங்க, சிந்திரும்! இதச் சிந்தக்கூடாது!"

"என்ன தண்ணின்னு இப்பப் பாத்திருதேன்."

தம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தார். நாக்கில் லேசாக உப்பு. "பாத்தியா, உப்பு!" என்று கத்த வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இது போர் தண்ணி உப்பில்லை. இந்த ருசி அவருக்குத் தெரியும்.

பதறிப்போய் பீரோ மேல் கை நீட்டினார். ஜம்ஜம் கேன் ஒற்றைக் கைக்கே காற்றாக வந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கேன் தண்ணிதான் என்று அவள் சொன்னது பொய்யில்லை!

யாக்கூப் காலிக் கேனை அவள் முன்னால் நீட்டினார்.

"பாவி! என் கடைசி மூச்சுக்குன்னு வச்சிருந்த தண்ணியடி! தினமும் அதையா எடுத்து இந்த மிஷின்ல ஊத்துன?"

"கேன் தண்ணியோட தினம் ஒரு தம்ளர் கலந்தேன். இதுதான் கடைசித் தம்ளர்."

"நான் சாவும்போது என் வாயில எதை ஊத்துவ? சொல்லு!"

இருமல் பிடித்துக்கொண்டது. வாசலில் சஃப்ரினின் கார் ஹாரன் அடித்தது.

ஹைருன் அவர் நெஞ்சைத் தடவிவிட்டாள். அன்று முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"படுத்துக்கிட்டே தினமும் அந்தக் கேனையேல்லா பாத்துக்கிட்டு இருந்திய. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிச்சு. கடைசி மூச்சுன்னு ஒண்ணு உங்களுக்கு வரவே கூடாதுன்னுதான், இப்ப விடுத மூச்சுக்கே ஊத்திட்டேன்."