தை வரைக்கும்

கோதண்டம் மாரியப்பனின் காரில் ஆயில் மூடியைத் திறந்ததும் இன்ஜின் குப்பென்று புகையைக் கக்கியது.

"நாலு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிக்கீது மாமு. இரும்புன்னாலும் அதுக்கும் ஒரு அளவு கீதுல்ல?"

காலடிப்பேட்டையில், அவனுடைய மெக்கானிக் ஷெட் வாசலில், பழைய டயர் ஒன்றின் மேல் அட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் குணசுந்தரி. முடி கொட்டிப்போன தலையைப் பருத்தித் துண்டு மூடியிருந்தது.

நேற்று வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் நின்றுபோனது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. புருஷன் மாரியப்பன் அவளை இறங்கவிடவில்லை. அவளை உள்ளே வைத்தபடியே தனி ஆளாகக் காரை ஓரத்துக்குத் தள்ளினான்.

இருபது வருஷமாக அவனுக்குச் சோறு போடுகிற தொழிலே சவாரிதான். இன்றைக்கு ஏதாவது ஒரு முடிவு செய்தாக வேண்டும்.

"ரெண்டே வழி" என்றான் கோதண்டம், கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு. "ரிங்கு மட்டும் மாத்தினா நாலு நாள்ல வண்டி உன் கையில. ஆனா கொஞ்ச நாளுதான் தாங்கும். இல்லாங்காட்டி இன்ஜினை எறக்கி, லேத்துல குடுத்து சிலிண்டர கடைஞ்சு, பிஸ்டன், பேரிங் எல்லாம் புச்சா போடணும். ரெண்டு வாரம் ஆவும்."

"ரிங்கு மட்டும் மாத்து" என்றான் மாரியப்பன்.

குணசுந்தரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனா சொல்கிறான்? தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆயில் மாற்றுகிறவன் ஆயிற்றே!

கோதண்டமும் விடவில்லை. "மாமு, நீயா பேசற? அரைகொறை வேலைக்கு வண்டிய பேரீச்சம்பயத்துக்குப் போட்டுடலாம்னு ஸ்டாண்டுல கீறவனையெல்லாம் திட்டுவியே!"

மாரியப்பன் குனிந்து முன் டயரை அழுத்திப் பார்த்தான்.

தன் மருந்துச் செலவை நினைத்துத்தான் கையைச் சுருக்குகிறான் என்று அவளுக்குப் பட்டது. மனசு சுருக்கென்றது.

"என் வைத்தியத்துக்காக நீ வண்டிய சாவடிக்காத. ரெண்டு வாரந்தான, ஆட்டோல போய்க்கலாம். எனக்கு நல்லானப்பறம் மணலி புதுநகருக்கு, நம்ம பொண்ணு சினேகா வூட்டுக்கு இதுலதான போவணும்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமலே.

"சரி மாமு, ஒன்னே ஒன்னு சொல்லு" என்றான் கோதண்டம். "வண்டி எம்மா நாளு ஓடணும்? அதுக்குத் தக்கன செய்யறேன்."

மாரியப்பன் போலீஸ்காரரிடம் கூசாமல் பொய் சொல்வான். சவாரிக்குக் காத்திருப்பவர்களிடம், வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே, "ராயபுரம் தாண்டிட்டேன் சார்" என்பான். அவளிடமும் நிறையச் சொல்லியிருக்கிறான். மெக்கானிக்கிடம் மட்டும் சொன்னதே கிடையாது. அங்கே மறைத்தால் வண்டி நடுரோட்டில் காட்டிக்கொடுத்துவிடும் என்பான்.

அந்தப் பழக்கத்தில் வாய் திறந்துகொண்டது.

"தை வரைக்கும் ஓட்னா போதும்."

"இன்னா, வித்துடப் போறியா?"

"இல்ல."

"வேற வண்டி எட்க்கறியா?"

"அதுவும் இல்ல. அதுக்கப்பறம் எனக்கு இன்னாத்துக்குடா வண்டி?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கார் பானெட்டின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டான். டயர் மேல் இருந்தவள் பக்கம் திரும்பவே இல்லை.

குணசுந்தரி விரல் விட்டு எண்ணினாள். இது ஆடி.

ஆறு விரல் மடங்கியது.

போன வாரம் டாக்டர் அவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். வெளியே வந்தவன் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினான். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "நல்லாயிடும்னு சொல்ட்டாரு" என்று சிரித்து, வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். அவளும் நம்பி, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

டாக்டர் சொன்ன கணக்கு இப்போது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்த ஆறு மாதத்தைவிட, "அதுக்கப்பறம் எனக்கு இன்னாத்துக்கு" என்ற வார்த்தைதான் காதிலேயே நின்றது. சவாரிக்குப் போகாமல், சோறு இறங்காமல், இருட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மாரியப்பனை ஒரு கணம் கண்ணெதிரே பார்த்துவிட்டாள்.

முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

"தம்பி, இன்ஜினை எறக்கிடு. ஃபுல்லாவே செய்."

"குணா..." என்று தொடங்கினான் மாரியப்பன்.

"நீ சும்மா இரு." கோதண்டத்தின் பக்கமே பார்த்துக் கேட்டாள். "ஃபுல்லா செஞ்சா எவ்ளோ நாளு ஓடும் தம்பி?"

கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தன் கைவேலையைப் பற்றிக் கேட்டதில் அவனுக்குக் குஷி.

"நான் கை வெச்சா பத்து வருஷம் திரும்பிப் பாக்க வேணாம் யக்கா!"

அவள் மெல்ல நடந்து புருஷன் பக்கத்தில் போய் நின்றாள். பானெட்டைப் பற்றியிருந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"பத்து வருஷமாம்" என்றாள். "ஓட்டணும். காதுல வுழுந்துச்சாய்யா?"