டெஸ்ட் பீஸ்

"என் தம்பியை ஃபெயிலாக்குறதுக்குத்தான் உங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தாங்களா?"

செருப்பைக் கழற்றக்கூட மனைவி விடவில்லை. அவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர். ஆலையின் நீராவிக்குழாய் வேலைக்கு வந்த வெல்டர்களுக்குக் காலையிலிருந்து தேர்வு வைத்துவிட்டு வந்திருந்தார். மச்சினன் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மூணாவது தடவைங்க. இனிமே அவனை உள்ளேயே விட மாட்டாங்க. அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா, தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் செஞ்சிருக்கீங்க. உங்களுக்கு நெஞ்சுல என்ன, கருங்கல்லா?"

கையை ஆட்டினாள். மணிக்கட்டில் துணிக்கட்டு. தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துவிட்டதாம். வலது கால் தரையை இரண்டு தட்டுத் தட்டியது. கோபமோ வேலை மும்முரமோ, எது வந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது.

"பத்தவச்ச டெஸ்ட் பீஸை வளைச்சுப் பாத்தீங்கல்ல? வெடிப்பு விட்டுச்சா?"

"இல்லை."

"உள்ள ஓட்டை இருந்துச்சா? அடிவரைக்கும் உருகி இறங்கலையா?"

"இறங்கியிருக்கு. இத்தனை வருஷத்துல அவ்வளவு சுத்தமான பீஸை நான் பாத்ததில்லை."

"அப்புறம் என்ன கேடு?"

வெல்டிங் பட்டறைக்காரர் வீட்டுப் பெண். அவளிடம் பூசி மெழுக முடியாது.

"பீஸ் மட்டும் நல்லா இருந்தா போதாது. விதின்னு ஒண்ணு இருக்கு."

"விதியாம் விதி. உங்க அக்கா பையனா இருந்தா அந்த விதி தூங்கியிருக்கும். எங்க வீட்டு ஆளுன்னாதான் உங்களுக்கு இளக்காரம்."

"விடுக்கா," என்றான் தம்பி.

"நீ வாயை மூடு. உனக்காகத்தானே தொண்டை கிழியக் கத்துறேன்."

அவர் பல்லைக் கடித்தார். அந்தக் குழாய்க்குக் கீழே தினமும் நூறு பேர் நடக்கிறார்கள். ஒரு இணைப்பு விட்டுப்போனால் போதும், ஆவி ஆளை வேகவைத்துவிடும். இவர்களுக்கு இது பொட்டிக்கடை வேலையாகத் தெரிகிறது.

"டேய், கையை நீட்டு."

மச்சினன் தயங்கி நீட்டினான். வெண்ணெய் மாதிரி இருந்தது கை.

"மூணு மணி நேரம் வெல்டிங் அடிச்ச கையாம் இது. ஒரு பொறிகூடப் படலை."

அவள் கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிக்கிறேன்னு வெளிய போனவன், முகமூடியை மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்தான். அதுக்கப்புறம் ஒவ்வொரு வெல்டிங் ராடு மாத்தும்போதும் காலால ரெண்டு தட்டுத் தட்டினான். நான் அப்பவே தடுத்திருக்கணும். எனக்கு மனசு வரலை, கடைசி வரைக்கும் நின்னு பாத்தேன். மேலதிகாரிகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டேன். கிழிகிழின்னு கிழிச்சுட்டார்."

பையைத் திறந்து தீக்காயக் களிம்பை எடுத்து மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் ஒரு தாளைப் போட்டார்.

"பீஸை அடிச்சது யாரோ, சான்றிதழ் அவங்களுக்குத்தான். அதுதான் விதி."

அவள் குனிந்து பார்த்தாள். வெல்டர் பெயர் என்ற கட்டத்தில் அவள் பெயர் இருந்தது.

"கல்யாணமானதும் உன்னை ராடைக் கீழே வைக்கச் சொன்ன மடையன் நான்தான்," என்று உறுமினார் அவர். "ஆறு மாசம் வெல்டிங் பண்ணாம இருந்தா இந்தத் தாள் செல்லாது. நாளைக்கு எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பு. குழந்தை பிறக்குற வரைக்கும் உன் தம்பி வீட்டுச் செலவை நீ பாத்துக்க."