பாயில் ஏறிய பெயர்

மூர்த்திக்குப்பத்து மணல் உச்சி வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. தோணியின் நிழலில் குந்தியிருக்கும் குழந்தைவேல், கிழிந்த பாய்மரப் பாய்க்கு ஒட்டுப்போடுகிறான். ஒட்டுத்துணி, நேற்றுக் காற்றில் அறுந்து விழுந்த தேர்தல் பேனர். கோணியூசி ஏறும்போதெல்லாம் துணி கரகரக்கிறது. வேட்பாளர் பெயர் நீலச்சாயத்தில், ஒரு முழ உயரத்துக்கு, பாயின் நட்டநடுவில் கிடக்கிறது. வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கட்சிக்காரன் செங்கேணி மூச்சிரைக்க ஓடிவருகிறான்.

"இன்னாய்யா கொழந்தவேலு, தலைவரு பேரப் போயி ஊசியால குத்தினுகீற? பிரிச்சிக் குடுய்யா!"

குழந்தைவேல் நிமிரவில்லை. முடிச்சை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறான்.

"கடலு ஏறி என் வூட்ட அடிச்சினு போனப்ப, நேர்ல வந்து பாக்குறேன்னாரு. அஞ்சு வருசமா கரைப்பக்கமே வரல. நாளைக்குக் காலையில நானே அவரக் கடலுக்கு இட்டுனு போறேன், போய்ச் சொல்லு."