மூன்றாவது மாடிச் சூரியன்

கீழே பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வீட்டு மேசையில் மட்டும் யாரும் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை.

அம்மான் நகரம் முழுக்க வாயை நனைத்துவிட்டது. பக்கத்து வீட்டில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்டது.

ருதைனா, அவள் அம்மா, தம்பி லைத் மூவரும் அலமாரி மேலிருந்த பழைய பொத்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அப்பாவுடையது. அவர் இறந்த பிறகு வரும் முதல் ரமலான் இது. அம்மா இன்னும் அந்த போனுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.

நோன்பு திறக்கும் நேரத்தை ஒலித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. காலேஜில் சேர்ந்த வருடம் ருதைனா எழுதியது. எப்போதும் அது பாங்குக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் ஒலிக்கும்.

"பாங்கு தரையில இருக்கறவங்களுக்கு. நாம மூணாவது மாடி. நமக்குச் சூரியன் ஒரு நிமிஷம் லேட்டாத்தான் மறையும்" என்பார் அப்பா.

வானத்தை முட்டும் கட்டடங்களில் குடியிருப்பவர்கள் அப்படிக் காத்திருப்பது உண்டுதான். மூன்றாவது மாடிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா பூகோள வாத்தியார். சூரியனைப் பற்றி அவரிடம் யார் வாதாடுவது?

ருதைனாவுக்கு இன்று பசியே இல்லை. அம்மாவிடம் சொல்ல ஒன்று இருந்தது. இந்த ஒரு நிமிடத்தில் சொல்லாவிட்டால் பிறகு சாப்பாடு, தொழுகை, விருந்தாளி என்று பொழுது போய்விடும்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரி வேலையை விடப்போறேன்."

அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஒரு கம்பெனி அந்தப் புரோகிராமை விலைக்குக் கேட்டிருந்தது. கூடவே அவளையும் வேலைக்குக் கேட்டிருந்தது. பதிலை இன்றைக்குள் அனுப்ப வேண்டும். 'சம்மதம்' என்று அவள் ஏற்கெனவே எழுதிவிட்டாள், அனுப்பவில்லை.

மார்க் வந்த அன்று கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று அழுதவள் அவள். "அத வீட்ல வெச்சு விளையாடிக்க. படிக்கறது டாக்டருக்கு" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார் அப்பா.

படித்தாள். நல்ல டாக்டர் என்று பேரும் வாங்கினாள். வார்டிலிருந்து வந்து கையைக் கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மிச்ச நாளைத் தாங்கினாள். அப்பா கடைசிவரை அதை விளையாட்டு என்றுதான் சொன்னார். அவரை அடக்கம் செய்த பிறகும் அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்மா. இந்த ஒரு நிமிஷத்துக்கும் மாடிக்கும் சம்பந்தமே இல்ல. கணக்குல நான் ஒண்ணு அதிகமாக் கூட்டிட்டேன். கம்பெனிக்காரங்க பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டாங்க. இத்தனை வருஷமா உங்களை எல்லாம் சும்மா காக்க வெச்சிருக்கேன்."

லைத் சிரித்தேவிட்டான். "பாவம் அந்தச் சூரியன். அநியாயமா அது மேல பழி போட்டுட்டோமே, டாக்டரம்மா."

அம்மா சிரிக்கவில்லை. தட்டின் ஓரத்தை விரலால் துடைத்தாள்.

"அவருக்குத் தெரியும்."

லைத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"முதல் நாளே பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்துட்டாரு. ஒரு நிமிஷம் தப்பா இருக்குன்னாரு. நோன்பு திறக்கறதைத் தள்ளிப்போடாதீங்கன்னு ஊருக்கே சொல்ற மனுஷன். புள்ளகிட்ட சொல்லிட வேண்டியதுதானேன்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு." அம்மாவின் குரல் கம்மியது. "ஆசைப்பட்ட படிப்பைத்தான் நான் விட வெச்சுட்டேன், கணக்கு தப்புன்னு சொன்னா ரோஷக்காரி இதையும் விட்டுடுவான்னாரு."

ருதைனா ஜன்னலைப் பார்த்தாள்.

எதிரே குன்று. அது நிற்கிற நிலையில் இந்த ஜன்னலில் சூரியன் ஊருக்கெல்லாம் முன்பே மறைந்துவிடும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் அப்பா அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். வேறு எதற்கும் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற அந்த நேரத்தில் யாரும் தன்னிடம் குற்றம் சொல்லாதது தானாக அமைந்தது என்றே நினைத்திருந்தாள். அதற்கு ஒருவர் காவல் இருந்திருக்கிறார்.

கம்பெனியில் அவளுக்கு முதல் வேலையே இந்த ஒரு நிமிடத்தை எடுப்பதுதான். அப்புறம் தினமும் ஒருவர் வந்து, இது தப்பு, அது போதாது, இது விலை போகாது என்பார். நாளடைவில் இதுவும் இன்னொரு வார்டாகிவிடும்.

மேசைக்கடியில் தன் போனை எடுத்தாள். 'சம்மதம்' என்பதை அழித்தாள். 'மன்னிக்கவும், இது விற்பதற்கில்லை' என்று எழுதி அனுப்பினாள்.

"அப்ப ஆஸ்பத்திரி?" என்றாள் அம்மா. அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"காலையில போகணும்மா."

பாங்கு இன்னும் முடியவில்லை. அலமாரி மேல் போன் மௌனமாக இருந்தது.

"தப்புன்னுதான் தெரிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்று லைத் பேரீச்சம்பழத்துக்குக் கையை நீட்டினான்.

ருதைனா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பொறுடா. நாம மூணாவது மாடி."