படிக்காத நாற்பது பக்கம்

அரிசி டின் மேல் சாய்த்து வைத்த கைபேசியில் பத்து மாணவர் முகங்கள், ஒரு பேராசிரியர் முகம். பிரெஞ்சு நாவல் ஒன்றுக்குப் பரிசு கொடுக்கும் இந்திய மாணவர் நடுவர் குழு அது. இரண்டு நாவல்களுக்கும் ஐந்து ஐந்து வாக்குகள். கிறிஸ்டினாவின் வாக்குதான் மிச்சம். "நீங்கள் பேச எடுத்துக்கொண்ட நாவலின் முடிவு எப்படி?" என்று பேராசிரியர் பிரெஞ்சில் கேட்கிறார்.  மடியில் கிடக்கும் புத்தகத்தில், கதை சொல்லும் பெண்ணின் தாயை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் பக்கத்தில், வில்லியனூர் பஸ் டிக்கெட் செருகியிருக்கிறது. அதற்கப்பால் நாற்பது பக்கம். மூன்று வாரமாக அவள் அந்தத் தாளைத் திருப்பவில்லை. எதிரே, கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில், அம்மா செலின் மேரி அவரைக்காய்க்கு நார் உரிக்கிறாள். கழுத்துக் கட்டியில் சோதனைக்குச் சதை எடுத்த இடத்தில் பிளாஸ்திரி. முடிவு நாளைக்கு வரும்.

"இன்னாடி, ஜட்ஜம்மா வாயத் தொறக்க மாட்டறாங்க?" அம்மாவின் சிரிப்பு இருமலாகிறது. இருமல் நிற்கும்வரை காத்திருந்து கிறிஸ்டினா மைக்கைத் திறக்கிறாள். முடிவைப் படிக்கப் பயந்து பாதியில் நிறுத்திவிட்டேன், வாக்களிக்க எனக்கு உரிமையில்லை என்று பிரெஞ்சில் சொல்கிறாள். அம்மா அவரைக்காயிலிருந்து தலை நிமிர்கிறாள்.

"இன்னா சொன்ன?"

"நல்லா முடியுதுன்னு சொன்னேம்மா."