படகில் தங்கிய இருவர்

"பொய் எழுதினவன் க்ளப்ல இருக்கக் கூடாது. ரூல்னா ரூல்தான்" என்றாள் லவினா.

பல்கலைக்கழக ஸ்கூபா க்ளப்பின் வருடக் கடைசிக் கூட்டம் அது. பெங்களூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று இவர்களைக் கேட்காத ஆள் கிடையாது. அதற்கெல்லாம் அசராமல் பதினான்கு பேரும் சனிக்கிழமை தவறாமல் நீச்சல் குளத்தில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கினார்கள். செப்டம்பரில் ஏரிக்கரையில் குப்பை அள்ளினார்கள். ஜனவரியில் முருடேஸ்வர் போய், அங்கிருந்து படகில் நேத்ராணித் தீவு. அதுதான் முதல் கடல்.

இதையெல்லாம் ஆண்டறிக்கையாக எழுதத்தான் கூடியிருந்தார்கள். முதல் வரி எழுதுவதற்குள் லவினா பாலகுமாரைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஸ்கூபாவில் யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஆளுக்கு ஒரு துணை உண்டு. ஒருவர் உயிருக்கு மற்றவர் பொறுப்பு. வருடம் முழுக்க அவளுக்குத் துணை பாலகுமார்தான்.

தர்மபுரிக்காரன். ஈஜிபுராவில் அண்ணனோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். க்ளப்பில் சேர்ந்தபோது நீச்சல்கூடத் தெரியாது. விடாப்பிடியாகக் கற்றுக்கொண்டு, டிசம்பருக்குள் குளத்தில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான்.

அப்படிப்பட்டவன் முருடேஸ்வர் படகுத்துறையில் காலை வாரிவிட்டான். உடல்நலப் படிவத்தில், ஆஸ்துமா உண்டா என்ற கேள்விக்கு எல்லோரையும் போல 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தான். படகு கிளம்பும் நேரத்தில் அதைத் திரும்ப வாங்கி 'உண்டு' என்று திருத்தினான்.

பயிற்சியாளர் டெஸ்மண்ட் அவனை இறங்க விடவில்லை. துணை இல்லாததால் லவினாவையும் விடவில்லை. வேறொரு ஜோடியோடு மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் கெஞ்சினாள், அழுதாள். புதியவர்களை மூன்று பேராக இறக்க மாட்டேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

மற்ற பன்னிரண்டு பேரும் ஆமை பார்த்த கதையோடு மேலே வந்தார்கள். இவர்கள் இருவரும் படகின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லவினாவுக்கு இது கடைசி வருடம். இனி க்ளப்போடு கடலுக்குப் போக முடியாது. அன்றோடு அவனிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

குளத்தில் மறுபடி இறங்க வேண்டுமானால் டாக்டர் சான்றிதழ் கொண்டு வா என்று டெஸ்மண்ட் அவனிடம் சொல்லியிருந்தார். அது இப்போது மேஜை மேல் இருந்தது. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. ஆஸ்துமா அவனுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

"அப்புறம் ஏன்டா அப்படி எழுதின?" என்று கேட்டாள் க்ளப் தலைவி சஹானா.

"பயந்துட்டேன்" என்றான் பாலகுமார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பயமா இருந்தா பயம்னு சொல்லியிருக்கணும். யாரும் சிரிச்சிருக்க மாட்டோம். ஹெல்த் ஃபார்ம்ல பொய் எழுதறது கூட வர்றவங்க உயிரோட விளையாடற மாதிரி" என்றாள் லவினா.

கண்டித்து விட்டுவிடலாம், அடுத்த வருடமாவது அவன் கடலைப் பார்க்கட்டும் என்று சஹானா சொல்லிப் பார்த்தாள். லவினா மசியவில்லை. படிவத்தில் பொய் எழுதினால் நீக்கம் என்று க்ளப் விதியிலேயே இருக்கிறது, ஆளுக்கு ஆள் அதை வளைக்க முடியுமா என்று கேட்டாள். கை தூக்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் தூக்கினார்கள்.

பாலகுமார் வாதாடவில்லை. க்ளப் கொடுத்த முகக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். எல்லோருக்கும் பொதுவாக "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நீக்கிய தகவலை சஹானா அப்போதே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டாள்.

பிரேசர் டவுனிலிருந்து ட்ராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வந்து சேர்ந்தார் டெஸ்மண்ட், ஆண்டறிக்கைக்கான போட்டோக்களோடு. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அவன் பயந்தாங்கொள்ளி இல்லம்மா" என்றார். "அன்னிக்குப் படகு கிளம்பறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்தான். ஆஸ்துமா இருக்கறவங்க கீழ போனா என்ன சார் ஆகும்னு கேட்டான். மேல வரும்போது மூச்சு அடைச்சுக்கிட்டா நுரையீரலே கிழிஞ்சிடும், உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேன். அப்புறம்தான் ஃபார்மைக் கேட்டு வாங்கினான்."

"தனக்காகத்தான் கேக்கறான்னு நான் நினைச்சேன். இப்ப அவனுக்கு ஆஸ்துமாவே இல்லங்கறீங்க. அப்ப யாருக்காகக் கேட்டான்?" என்றவர் லவினா பக்கம் திரும்பினார். "நீதானே அவனோட துணை. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது சார்" என்றாள் லவினா. சொன்ன நிமிஷமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

அன்று காலை, தன் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்த கையோடு, படகுத்துறையில் வலைக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கி ஆஸ்துமா இன்ஹேலரை வாயில் வைத்து அவள் இழுத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு டீயோடு வந்து நின்றவன் பாலகுமார். அவன் எதுவும் கேட்கவில்லை. பார்த்திருக்க மாட்டான் என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.